எனக்குக் காது கேட்காது, எழுதுங்கள்

பவி கண்ணு,

உன் இணையதளத்தில் ‘என் அம்மா’ என்று ஒரு பக்கம் வைக்கப் போவதாகவும், அதற்குப் பத்து வரி எழுதித் தரும்படியும் போன வாரம் கேட்டாய். எந்த மொழியில் என்று கேட்டேன். உனக்கு எது சுலபமோ அதில் எழுது, கன்னடமாக மாற்றுவதை ஏஐ பார்த்துக்கொள்ளும் என்றாய். நீ சாதாரணமாகத்தான் சொன்னாய், ஆனால் எனக்கு அது தூக்கிவாரிப்போட்டது. உனக்கு இருபத்து நான்கு வயதாகிறது. உனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து உன் முகத்தைப் பார்த்து ஒரு முழு வாக்கியம் நான் தமிழில் பேசியதில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ வேலைக்காகப் பெங்களூருக்குக் குடிபோகிறாய். அதனால் இது பத்து வரியில் நிற்காது. உன் பக்கத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வெட்டிக்கொள். ஆனால் வெட்டுவதற்கு முன் முழுவதையும் படித்துவிடு.

நான் அந்தியூரில் பத்தாவது வரை தமிழில் படித்தவள். உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு மலைக்கு இந்தப் பக்கம், கர்நாடகத்து ஹனூருக்கு வந்தேன். அங்கேயும் வீட்டுக்குள் தமிழ்தான், கடைக்குப் போனால் கன்னடம். உனக்கு இரண்டு வயது முடிந்திருக்கும், பக்கத்து வயலில் டிராக்டர் கிளப்பினார்கள். மற்ற பிள்ளைகள் எல்லாம் வாசலுக்கு ஓடினார்கள். நீ மட்டும் தரையில் உட்கார்ந்து கிண்ணத்தைக் கவிழ்த்து நிமிர்த்தி விளையாடிக்கொண்டிருந்தாய். கொள்ளேகால் டாக்டர் பரிசோதித்துவிட்டு மைசூருக்கு அனுப்பினார். மைசூரில் காது கேட்காத பிள்ளைகளுக்கு இருந்த பயிற்சி மையத்தில் பிள்ளையை விட்டுவிட்டு வர முடியாது, அம்மாவும் தினம் கூடவே உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும். உன் அப்பா மேஸ்திரி வேலை பார்ப்பவர். “வூடு கட்டாத ஊரு எங்க இருக்குது, நட” என்று சொல்லி ஒரே வாரத்தில் மூட்டை கட்டிவிட்டார். மைசூர் ஹெப்பாளில் ஒரு ஒற்றை அறைக்குக் குடிவந்தோம்.

அங்கே டீச்சர் முதல் நாளே ஒன்று சொன்னார்: “மனேல ஒந்தே பாஷெ இரலி அம்மா.” வீட்டில் ஒரே மொழிதான் இருக்க வேண்டும். இரண்டு மொழியில் உதடு அசைந்தால் குழந்தைக்கு எதுவும் பிடிபடாது என்றார். இப்போதெல்லாம் அப்படிக் கட்டாயப்படுத்துவதில்லை என்று கேள்விப்படுகிறேன். அன்று அது எங்களுக்கு வேத வாக்கு. பள்ளிக்கூடம் கன்னடத்தில், தெரு கன்னடத்தில், ஆகவே நீயும் கன்னடத்தில் என்று நானும் அப்பாவும் முடிவு செய்தோம். எனக்குத் தமிழ் எழுத்துத்தான் தெரியும் என்பதால், உனக்குச் சொல்லிக்கொடுக்க நான் கன்னட எழுத்தை முதலில் படித்தேன். நானும் அப்பாவும் தமிழில் ஏதாவது பேச வேண்டியிருந்தால் உனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு பேசுவோம். ஒருநாள் நீ சுற்றிவந்து அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, “அப்பா வாய் வேற மாதிரி அசையுது” என்றாய். உன் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று அன்றைக்கே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

நீ பேசவும் கற்றுக்கொண்டாய், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் கற்றுக்கொண்டாய். ஆனால் நீ பேசுவது எனக்கும் அப்பாவுக்கும் புரியும் அளவுக்கு வெளியாருக்குப் புரியாது. அதனால் கடையில், பஸ்ஸில், பள்ளிக்கூடத்தில், ஆஸ்பத்திரியில் எல்லோரும் உன்னிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்டார்கள். நானும் பதில் சொன்னேன். நீ டிப்ளமா முடித்து, சிறிய வீடுகளுக்குப் பிளான் வரைந்துகொடுக்க ஆரம்பித்தபோதும் அதுவே தொடர்ந்தது. அப்பா வேலை செய்யும் இடங்களிலிருந்து முதல் வேலைகள் வந்தன. போன் என்னுடையது. “ஆபீஸ்தான் சார், சொல்லுங்க” என்று எடுப்பேன். பொய் சொல்லவில்லை, எனக்கு அது பிடித்திருந்தது. அளவு கேட்பேன், எந்தத் திசை வாசல் என்று கேட்பேன், பேரம் பேசுவேன், எப்போது முடியும் என்று உன்னைக் கேட்காமலே நாள் சொல்லிவிடுவேன். மகளுக்கு நான்தான் வாய் என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தேன்.

உனக்கென்று ஒரு இணையதளம் வேண்டும் என்று நீ ஆரம்பித்தபோது முதலில் அதைச் செய்துகொடுக்கும் ஒரு கடைக்காரரிடம்தான் போனோம். அவர் உன்னைப் பார்த்துப் பேசவே இல்லை. “மேடம், என்ன கலர் வேணும்னு கேட்டுச் சொல்லுங்க” என்று என்னிடம்தான் கேட்டார். கடைசியில் அவர் செய்து காட்டியதில் கண்ணாடி மாளிகைகளும் நீச்சல் குளங்களும் இருந்தன. முப்பதுக்கு நாற்பது அடி சைட்டில், சின்ன மனையில், வீடு கட்டுபவர்கள் அதைப் பார்த்தால் ஓடியே போவார்கள். நீ வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியைத் திறந்து, அந்த ஏஐயிடம் நேராகவே கேட்க ஆரம்பித்தாய்.

நான் எதிரே உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தேன். நீ டைப் செய்வாய், திரையில் ஏதேதோ எழுத்து ஓடும், ஒரு பக்கம் உருவாகி நிற்கும். நீ முகம் சுளித்து மறுபடி டைப் செய்வாய். பிளானைக் கைப்பேசியில் பார்த்தால் சமையலறையோடு வெட்டுப்பட்டு நின்றது. சரி செய்யச் சொன்னாய். கன்னட எழுத்துகள் உடைந்து வந்தன. சரி செய்யச் சொன்னாய். உன் பிளான்களுக்கு நடுவில் அது எங்கிருந்தோ ஒரு பங்களா படத்தைக் கொண்டுவந்து செருகியது. “இது நான் வரைந்தது இல்லை, எடு” என்றாய். எடுத்தது. மேலே பச்சை நிறத்தில் ‘இப்போதே அழைக்கவும்’ என்று பெரிய பொத்தான் வைத்தது. எடுக்கச் சொன்னாய். வேறு ஏதோ மாற்றும்போது அதே பொத்தானை மறுபடியும் கொண்டுவந்து வைத்தது. நீ மேஜையில் ஒரு தட்டுத் தட்டினாய், அவரைக்காய் சிதறியது. கடைசியில் பொத்தான் போனது. அத்தனை நேரம் நீ ஒருவரோடு சண்டை பிடித்து, நடுவில் நான் இல்லாமல் ஜெயித்ததை அன்றுதான் பார்த்தேன். அது மனிதர் இல்லை என்பது வேறு விஷயம். உன்னைக் காத்திருக்கச் சொல்லாமல், உன் அம்மாவைக் கூப்பிடச் சொல்லாமல், கேட்டதற்குப் பதில் தந்தது. உன் தோள்கள் அன்று இறுக்கமில்லாமல் இருந்தன. கடைகளில் நிற்கும்போது அப்படி இருக்காது.

சில நாட்களில் எல்லாம் தயாராகி எனக்குத் திருப்பிக் காட்டினாய். நீ வரைந்த வீடுகள் வரிசையாக இருந்தன, விரலால் தொட்டால் அறை அறையாகப் பெரிதாகின. வேலை கொடுக்க வருபவர்களுக்கு நீயே யோசித்து வைத்த கேள்விகள் இருந்தன. சைட் அளவு, வாசல் திசை எல்லாம் கேட்டுவிட்டு, ‘வீட்டில் அதிக நேரம் இருக்கப்போவது யார்? அவருக்கு என்ன வேண்டும்?’ என்றும் கேட்டிருந்தாய். எல்லாவற்றுக்கும் மேலே, உன் பெயருக்குக் கீழே, முதல் வரி: ‘எனக்குக் காது கேட்காது, எழுதுங்கள். வரைந்து பதில் தருகிறேன்.’ போன் நம்பர் எங்கேயும் இல்லை.

நாம் போட்ட சண்டையை நீ மறந்திருக்க மாட்டாய். “இதை எதுக்கு முதல்லயே சொல்லணும்? வேலையைப் பாக்கட்டும், அப்புறம் தெரிஞ்சுக்கட்டும். என் நம்பரைப் போடு” என்றேன். “உன் நம்பரைப் போட்டா உன்கிட்டதான் பேசுவாங்க” என்றாய். “அதுல என்ன தப்பு?” என்றேன். “வரையறது நான்” என்றாய். அப்பா நடுவில் மாட்டிக்கொண்டார். உனக்கு முதுகைக் காட்டி என்னிடம் தமிழில், “ஏம்புள்ள, அவ பேருல இருக்கற போர்டுல அவளே எழுதிக்கட்டும், வுடு” என்றார். “ஏனுங்க, ஆர்டர் வராமப் போனா அவ மனசுதானுங்க ஒடையும்” என்றேன். எனக்கு உண்மையிலேயே அந்தப் பயம் இருந்தது. ஊர் உலகம் காது கேட்காதவர்களை எப்படிப் பார்க்கும் என்று உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அவர்கள் சொன்னதில் பாதியை நான் உனக்குச் சொல்லாமலே விழுங்கியிருக்கிறேன்.

அதற்கு அடுத்த நாள் நீ அளவெடுக்க அப்பாவோடு போயிருந்தாய். மடிக்கணினி திறந்தே இருந்தது. நான் உட்கார்ந்தேன். வாட்ஸ்அப்பில் எழுதுவதுபோலக் கன்னடத்தை இங்கிலீஷ் எழுத்தில் தட்டினேன்: என் நம்பரை மேலே போடு, காது கேட்காது என்ற வரியைக் கீழே கொண்டுபோ. நொடியில் செய்தது. நல்ல மாற்றம், வாடிக்கையாளர்களுக்கு வசதியாக இருக்கும் என்று ஒரு பாராட்டு வேறு. வெளியிடட்டுமா என்று கேட்டது, ‘ஹௌது’, ஆமாம் என்றேன். யார் நீ, இது யாருடைய தளம் என்று அது கேட்கவே இல்லை. நான் எழுந்துபோய்த் தோசைக்கு அரைத்தேன். சாயங்காலம் உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். நீ வந்ததும் சொல்லவில்லை.

மறுநாளே போன் வந்தது. மைசூரிலேயே போகாதியில் சைட் வைத்திருப்பவர், பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உன் தளத்தில் பார்த்த ஒரு பிளானில் வீட்டுக்குள் வரும் மாடிப்படியைத் திருப்பிப் போட்டு, அதற்குக் கீழே ஒரு கழிப்பறை வைத்தால், முன்னால் இரண்டாவது காரும் நிறுத்தலாம் அல்லவா என்று கேட்டார். “ஆகுத்தே சார், மாடித்தாரெ” என்றேன், ஆகும், செய்துவிடுவார்கள் என்று. எனக்கு ஒரு வேலை கிடைத்துவிட்ட சந்தோஷம். உன்னிடம் அளவையும் வாசல் திசையையும் சொன்னேன், அப்பாவுக்குத் தெரிந்தவர் என்று ஒரு பொய்யும் சொன்னேன். மாடிப்படி விஷயத்தைச் சொல்ல மறந்தே போனேன். நீ வரைந்து அனுப்பினாய். அவர் தளத்தின் வழியாக எழுதினார்: ‘உங்கள் ஆபீஸில் ஒப்புக்கொண்டபடி படிக்குக் கீழே கழிப்பறை எங்கே?’

எந்த ஆபீஸ் என்று நீ யோசித்தாய். பிறகு உன் தளத்தையே திறந்து பார்த்தாய். நான் அடுப்படியில் நின்றிருந்தேன். நீ வந்து என் முன்னால் நின்றாய். நான் பேச ஆரம்பித்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய்.

பவி, அதை உனக்கு நான் சொல்லியாக வேண்டும். மற்றப் பெண்கள் கோபம் வந்தால் கதவைச் சாத்துவார்கள், கதவுக்கு வெளியே நின்று அம்மா பேசலாம். நீ கண்ணை மூடினால் எனக்கு வழியே இல்லை. உன் கையைப் பிடித்தேன், நீ உருவிக்கொண்டாய். அப்படியே நின்றாய், என் எதிரிலேயே. நான் எத்தனையோ பேரிடம் உனக்காகப் பேசியவள், உன்னிடம் பேச முடியாமல் நின்றேன். சோறு குழைந்துபோனது.

அந்த மனிதர் மறுநாள் காலை மனைவியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். கோபம் என்று சொல்ல முடியாது, குழப்பம். உள்ளே வந்ததும் என்னைப் பார்த்து, “மேடம், போன்ல நீங்கதானே பேசினது? ஆகும்னு சொன்னீங்களே” என்று கன்னடத்தில் ஆரம்பித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ நாற்காலியை இழுத்துப் போட்டு, அவரை உட்காரச் சொல்லிக் கைகாட்டினாய். மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாய். ‘போனில் பேசியவர் என் அம்மா. பிளான் வரைவது நான். எனக்குக் காது கேட்காது, இதில் எழுதுங்கள்’ என்று இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் காப்பி போடப் போகிறேன் என்று உள்ளே போய்விட்டேன். அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது.

அடுப்படி வாசலிலிருந்து பார்த்தேன். நீ படியைப் பக்கவாட்டில் வரைந்து, அதன் கீழே ஒரு மனித உருவத்தை நிறுத்தினாய். படியைத் திருப்பினால் கழிப்பறைக் கதவு தாழ்ந்த பக்கத்தில் வருகிறது, உருவத்தின் தலை படியில் இடித்தது. அவர் சிரித்துவிட்டார். “நான் குனிஞ்சே போகணுமா?” என்றார். நீ அவர் உதட்டைப் படித்துத் தலையாட்டினாய். பிறகு உன் தளத்தில் இருந்த அந்தக் கடைசிக் கேள்வியை எடுத்து முன்னால் வைத்தாய். வீட்டில் அதிக நேரம் இருக்கப்போவது யார், அவருக்கு என்ன வேண்டும். போனில் நான் அதைக் கேட்கவே இல்லை. அவர் ஏதோ தட்டப் போனார். நீ கையால் தடுத்து, மடிக்கணினியை அந்த அம்மாவின் பக்கம் நகர்த்தினாய்.

அந்த அம்மா அதுவரை வாயே திறக்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டினார். நேரம் ஆனது. காப்பி ஆறியது. யாரும் அவசரப்படுத்தவில்லை. எழுத்தில் பேசும் இடத்தில் அவரவர் முறை வரும்வரை மற்றவர் காத்திருக்கத்தானே வேண்டும். அவர் எழுதியதை அவருடைய கணவர் எட்டிப் பார்த்துச் சத்தமாகப் படித்தார்: “எனக்கு இரண்டாவது கார் வேண்டாம். சமைக்கும்போது தெருவைப் பார்க்க ஒரு ஜன்னல் வேண்டும். முட்டி வலிக்கிறது, படுக்கை அறை கீழேயே இருக்கட்டும்.” படித்து முடித்து மனைவியின் பக்கம் திரும்பினார்.

“இதை நீ எங்கிட்ட சொல்லவே இல்லையே?”

“நீங்க போன்ல பேசிட்டிருந்தீங்க” என்றார் அந்த அம்மா. “இவங்கதான் என்னைக் கேட்டாங்க.”

நான் கையில் தம்ளரோடு அங்கேயே நின்றுவிட்டேன். நான் உனக்கு வாயாக இருந்த காலமெல்லாம், போனில் முந்திக்கொண்டு பேசத் தெரிந்தவர்களோடு மட்டுமே நம் வீட்டு வியாபாரம் நடந்திருக்கிறது. பின்னால் நின்றவர்களுக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்டதும் இல்லை, எனக்குத் தோன்றியதும் இல்லை. நீ கேட்டாய். காது கேட்காததால் கேட்டாய் என்று நான் சொல்ல மாட்டேன், உனக்கு அந்தப் புத்தி இருந்ததால் கேட்டாய்.

அவர்கள் போன பிறகு நம்பரை எடுத்துவிடு என்று நானே சொன்னேன். நீ என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நீ போட்டது, நீயே எடு” என்று மடிக்கணினியைத் தள்ளினாய். எடுக்கச் சொல்லி எழுதினேன். முதல் வரியை மேலே கொண்டுபோகச் சொன்னேன். அதற்கும் நல்ல மாற்றம் என்று பாராட்டியது. நாம் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்புறம்தான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டேன், நீ கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தாய்.

பெங்களூருக்குப் போகிறவளுக்கு நான் சொல்ல வேண்டியதில் முதலாவது இதுதான். எது சொன்னாலும் சரி என்று பாராட்டுகிற கருவியாக இருந்தாலும், ஆளாக இருந்தாலும், வேலையை வாங்கிக்கொள், பாராட்டை வாங்காதே. அது கட்டிக்கொடுத்ததை வரிக்கு வரி படித்துப் பார்த்த பிறகே வெளியே விடு. பூட்டாமல் எழுந்து போகாதே. உன்மேல் அக்கறை உள்ளவர்கள்தான் முதலில் கை வைப்பார்கள், நானே சாட்சி. இன்னொன்று, ஆபீஸில் கூட்டம் போட்டுப் பேசினால் எழுதிக் காட்டச் சொல்லிக் கேள். பக்கத்து நாற்காலிக்காரி நல்ல மனசோடு எல்லாவற்றையும் உனக்காகச் சொல்லிவிடுகிறேன் என்று வருவாள். நன்றி சொல்லி, அவள் கையிலும் ஒரு பேனாவைக் கொடு. அவளுக்கு என் நோய் தொற்றிவிடக் கூடாது.

நான் பயந்தது பாதி உண்மையானது என்பதையும் சொல்லிவிடுகிறேன், உன்னிடம் மறைத்துப் பயனில்லை. அந்த முதல் வரியைப் படித்துவிட்டுத் திரும்பிப்போனவர்கள் உண்டு. அப்பாவிடம் நேரிலேயே வந்து, “ஊமைப் பொண்ணு போட்ட பிளானை எப்படி மேஸ்திரி நம்பறது” என்று கேட்டவர் உண்டு. அப்பா அவருக்கு என்ன பதில் சொன்னார் என்பதை நான் தமிழிலும் எழுத மாட்டேன். ஆனால் திரும்பிப்போகாமல் இருந்தவர்கள் உன்னிடம் வேலை கொடுக்க வந்தவர்கள், என் பேச்சுக்கு மயங்கி வந்தவர்கள் இல்லை. இப்போது உன்னை வேலைக்கு எடுத்திருக்கும் பெங்களூர் கட்டட வடிவமைப்பாளரும் அப்படி ஒரு நாள் தளத்தில் எழுதியவர்தான். அந்தக் கேள்விகளை யார் யோசித்தது என்று கேட்டார். ‘நான்தான்’ என்று நீ பதில் போட்டாய். அவர் உன்னிடம் ஒரு தடவைகூடப் போனில் வரச் சொல்லவில்லை.

அந்த ஆபீஸைப் பார்க்க நாம் இரண்டு பேரும் ரயிலில் போனோமே, அன்று நடந்ததை நீ கவனித்தாயா என்று தெரியவில்லை. வாசலில் காவலாளி நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, உன்னைக் காட்டி என்னிடம், “இவர ஹெசரு?” என்று பெயர் கேட்டார். உன் பெயர் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அது என் கட்டுப்பாட்டில் இல்லை, அத்தனை வருடப் பழக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்த செடியைப் பார்த்தேன். அவர் மறுபடி கேட்டார். நான் செடியையே பார்த்தேன். அப்போது நீ உன் குரலில் உன் பெயரைச் சொன்னாய். அவருக்குப் பிடிபடவில்லை. இன்னொரு முறை, நிறுத்தி, சொன்னாய். அவர் முகம் தெளிந்து, தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார். எட்டிப் பார்த்தேன், ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. பிறகு பேனாவை என் பக்கம் நீட்டி, “நீவு யாரு?” என்று கேட்டார். நான் யார் என்று சொல்ல எனக்கு வாய் வருவதற்குள், நீ என் தோளில் கை போட்டு அவரிடம் சொன்னாய்.

“நம்மம்மா.”

அது அவருக்கு முதல் தடவையே புரிந்தது.